மிதிச்சதும் ஒரு நொடி திக்குது, அப்புறம் இழுக்குது: இன்ஜெக்டர் மாத்தணுமா?

மலைப்பாதை
1.2 லிட்டர் பெட்ரோல், 2013 மாடல், 92,000 கிலோமீட்டர். காலையில் எடுக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இன்ஜின் சூடேறினதும் ரெண்டாவது, மூணாவது கியரில் 1500–2200 ஆர்பிஎம்மில் பாதி அளவு மிதிச்சா, ஒரு நொடி மூச்சடைச்ச மாதிரி நின்னுட்டு அப்புறம் வெட்டி இழுக்குது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது ரொம்ப மோசம். ஐடிலிங் சீரா இருக்கு, செக் லைட் எரியலை. ஏர் ஃபில்டர் புதுசு. த்ராட்டில் பாடியும் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) சுத்தம் பண்ணியாச்சு. ஸ்பார்க் பிளக் மாத்தினது 40,000 கிலோமீட்டரில். ஒர்க்‌ஷாப்பில் "இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் செஞ்ச வேலை, நாலு இன்ஜெக்டரையும் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) மாத்திடுங்க" என்கிறார்கள். மாத்தலாமா?

ஸ்பானர்14
இப்போதைக்கு வேண்டாம். முதல்ல பிளக்கைக் கழற்றுங்க. சாதா நிக்கல் பிளக்கில் 52,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தா அது எப்பவோ மாத்த வேண்டியது.

ஐடிலிங்கில் நல்லா இருந்துட்டு மிதிச்சா மட்டும் திக்குறதுக்குக் காரணம் இருக்கு. த்ராட்டில் திறந்ததும் சிலிண்டருக்குள் காற்று நிறைஞ்சு அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) கூடுதல் வோல்டேஜ் தரணும். பிளக் முனை இடைவெளி தேய்ஞ்சு அகலமாகியிருந்தாலோ, காயிலின் ரப்பர் பூட்டில் விரிசல் இருந்தாலோ பொறி வேற வழியில் கசிஞ்சிடும்.

இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு தகடு) வச்சுப் பாருங்க. பெரும்பாலான வண்டிகளில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், உங்க மேனுவலில் இருக்கிறதுதான் கணக்கு. வெள்ளைப் பீங்கான் மேல பென்சில் கோடு மாதிரி கருப்பா ஒரு கீறல் தெரிஞ்சா பிளக்கும் போச்சு, பூட்டும் போச்சு. பிளக் குழிக்குள் ஆயில் நின்னா ராக்கர் கவர் பேக்கிங்கையும் சேர்த்து மாத்துங்க. புது பிளக்கை இன்ஜின் ஆறின பிறகு கையாலேயே முழுசா முறுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பானர் போடுங்க. அலுமினிய ஹெட்டில் மரை போச்சுன்னா பிளக் விலை மாதிரி பத்து மடங்கு செலவு.

லைவ்டேட்டா
பிளக் சரி. அடுத்து எந்தப் பார்ட்டை வாங்குறதுக்கும் முன்னாடி வண்டி கம்ப்யூட்டரை போனில் படிக்க ஒரு ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் வாங்குங்க. செக் லைட் எரியாட்டியும் பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறு எண்) கிடக்கலாம். பி0302 இருந்தா ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங் (சரியா எரியலை). அந்தக் காயிலை மூணாவதுக்கு மாத்திப் போடுங்க. கோடு பி0303 ஆச்சுன்னா காயில்தான்.

இ20 கதைக்கும் அதிலேயே பதில் இருக்கு. சுத்தப் பெட்ரோலுக்கு காற்று–எரிபொருள் விகிதம் 14.7, இ10-க்கு 14.1, இ20-க்கு ஏறக்குறைய 13.5. அதனால் இ10-லிருந்து இ20-க்கு வரும்போது லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் (வழக்கமான அளவை விட எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் குறைக்குதுங்கிற கணக்கு) 4–5 சதவீதம் ஏறும், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) தானே சமாளிச்சுக்கும். 12, 15-ன்னு ஏறி நின்னா வேற கோளாறு. ஐடிலிங்கில் அதிகமாவும் 2500-ல் குறைவாவும் இருந்தா வேக்வம் லீக் (த்ராட்டிலுக்குப் பின்னாடி காற்று உள்ளே கசியுது). லோடு ஏற ஏற கூடினா பெட்ரோல் போதலை.

ஸ்பானர்14
ஒரு திருத்தம். அந்த வேக்வம் லீக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. நம்ம ஊர் சின்ன வண்டிகள் நிறைய, மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் ஓடுது. லீக் வழியா வர்ற காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் சேர்ந்துடும். ஈசியூ அதுக்கும் சேர்த்தே பெட்ரோல் விடும். ட்ரிம் பெரிசா காட்டாது, ஐடிலிங்தான் ஏறும்.

மலைப்பாதை
பிளக் இடைவெளி 1.3 இருந்தது, மேனுவல்படி புதுசு போட்டாச்சு. வெட்டு கொஞ்சம் குறைஞ்சது, ஏற்றத்தில் இன்னும் இருக்கு. கோடு எதுவும் இல்லை. லாங் டேர்ம் ட்ரிம் ஐடிலிங்கில் +4, மூணாவது கியர் ஏற்றத்தில் +16. முழுசா மிதிச்சப்போ முன் ஆக்சிஜன் சென்சார் 0.15 வோல்ட். மேப் 84 கேபிஏ, குன்னூர் ஏற்றத்தில் பர்லியாறு தாண்டி. டேங்கில் கால்வாசிக்கும் கம்மி.

லைவ்டேட்டா
84-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. மேலே போகப் போக காற்றழுத்தமே குறையும். குன்னூரில் 80 கிட்டதான் வரும். கோளாறு அந்த 0.15-ல் இருக்கு. முழு த்ராட்டிலில் ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்காம கூடுதலா பெட்ரோல் விடும். அப்போ சாதா நேரோபேண்ட் சென்சார் (பெட்ரோல் கூடுதலா கம்மியான்னு மட்டும் சொல்றது) 0.85-க்கு மேல காட்டணும். மிஸ்ஸிங் இருந்தாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே போய் இதே மாதிரி பொய்யா லீன் (பெட்ரோல் கம்மி) காட்டும். புது பிளக் போட்டு, மிஸ்ஸிங் கோடும் இல்லாததால் இப்போ நம்பலாம்: இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தலை.

ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிச்சுத் தரும் குழாய்) லைனில் டி-ஜாயின்ட் போட்டு பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டி தானா ஆஃப் ஆகுற வரை ஓடவிடணும். இல்லைன்னா பைப்பைக் கழற்றினதும் சூடான இன்ஜின் மேல பெட்ரோல் பீய்ச்சும். 3 பார் போல நிக்கணும் (சில வண்டியில் 3.5–4). நின்ன இடத்தில் சரியா காட்டி, ஏற்றத்தில் அழுத்தம் இறங்கினா பம்ப் பக்கம்தான்.

ஸ்பானர்14
அழுத்தம் இறங்கினதும் பம்பை மாத்திடாதீங்க. வண்டி ஓடும்போது பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்க. பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா ரிலேயோ எர்த்தோ. அது சரியா இருந்தா பின் சீட்டைத் தூக்கி டேங்கிலிருந்து பம்ப் மாட்யூலை வெளியே எடுங்க. அடியில் உள்ள வலை ஃபில்டர், பழைய டேங்க்னா காபித்தூள் வடிகட்டின துணி மாதிரி இருக்கும். எத்தனால் டேங்கில் படிஞ்சிருந்த அழுக்கைக் கிளப்பிவிடும். அந்த அளவுக்கு ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. வலையைக் கழுவிப் போடாம புதுசு போடுங்க, மாட்யூல் ஓ-ரிங்கையும் சேர்த்து. டேங்க் அடியையும் துடைச்சிடுங்க. அப்புறம் ட்ரிம்மை ரீசெட் பண்ணி, அதே ஏற்றத்தில் அந்த சென்சார் வோல்டேஜை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.