சிறுநீரக நோயுள்ள பூனை உணவைத் தொட மறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

எங்கள் செம்பிக்கு 13 வயது. போன மாத இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.4, பாஸ்பரஸ் 6.1 (இரண்டும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). நாள்பட்ட சிறுநீரக நோய், நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை என்றார் மருத்துவர். இனி சிறுநீரக உணவு (பாஸ்பரஸ் குறைத்துத் தயாரித்தது) மட்டும்தான் என்று சொல்லி, உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துவைக்க, அதில் கலந்து கொடுக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியும் தந்தார்.

அன்றைக்கே பழைய உணவை நிறுத்திவிட்டோம். முதல் நாள் நான்கு வாய் சாப்பிட்டாள். இப்போது தட்டு வைக்கும் சத்தம் கேட்டு ஓடி வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், வாயைச் சுற்றி நக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறாள். சில நேரம் தட்டின் பக்கத்தில் தரையைப் பறித்து மூடப் பார்க்கிறாள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று சிலர் சொன்னதால் நேற்று முழுக்க வேறெதுவும் வைக்கவில்லை. இன்று காலை வரை தொடவில்லை. 3.6 கிலோ இருந்தவள் 3.1 கிலோ ஆகிவிட்டாள். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. நானும் தங்கையும் மாற்றி மாற்றி ஒன்பது வகை உணவு வாங்கிப் பார்த்துவிட்டோம். வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் அவளுடைய பழைய உணவை இப்போதே வையுங்கள். பட்டினி போட்டுப் பூனையைப் பழக்க முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடலின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. எந்த உணவானாலும் வயிற்றுக்குள் போவது முக்கியம். சரியான உணவா என்பது அடுத்த கேள்வி.

மாற்றத்தை வாரக்கணக்கில் செய்யுங்கள். பழைய உணவில் ஒரு சிட்டிகை புதியது, நான்கைந்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம். கடைசிவரை ஏற்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பாஸ்பரஸ் குறைவான சாதாரண ஈர உணவுகளும் உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் பாஸ்பரஸ் குறைவாகவே தெரியும். 100 கிலோகலோரிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு ஒப்பிடுங்கள். வெங்காயம், பூண்டு கலந்த குழம்போ சாறோ ஒரு துளிகூட வேண்டாம். அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பதில் 2

தம்பி, இதை அடம் என்று நினைக்காதீர்கள். பசியோடு ஓடி வந்து, முகர்ந்து, வாயை நக்கிவிட்டுத் திரும்புவது குமட்டலின் அடையாளம். என் பூனையிடமும் இதையேதான் பார்த்தேன். ஒரு மாதம் உணவை மாற்றி மாற்றி வைத்து வீணாக்கினேன். இரத்தத்தில் கழிவு தேங்கும்போது வயிறு புரட்டும். அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் உணவின் மீதே பழியைப் போட்டுவிடும் பூனை. குமட்டல் தீர்ந்த பிறகும் அந்த மணம் வந்தாலே விலகிவிடும். அதனால்தான் சிறுநீரக உணவை உடம்பு மோசமாக இருக்கும் நாளில் அறிமுகப்படுத்தக் கூடாது. இப்போதைக்கு அதை அவள் கண்ணில் காட்டாதீர்கள்.

மருத்துவரிடம் மூன்று கேளுங்கள். ஒன்று, குமட்டலுக்கு மாரோபிடன்ட் தரலாமா? இரண்டு, பசியைத் தூண்ட மிர்டாசபின் தரலாமா? காதின் உட்புறம் தடவும் களிம்பாகவும் வருகிறது, மாத்திரை விழுங்கவைக்கும் போராட்டம் இல்லை. சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பிலிருந்து வெளியேறத் தாமதமாகும், ஆகவே இடைவெளியை அவரே சொல்லட்டும். மூன்று, வாயைத் திறந்து புண்ணோ பல்வலியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் சோர்ந்துபோய்க் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியாது, பசியும் போய்விடும்.

அந்தப் பொடி உணவோடு சேர்ந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அவள் சாப்பிடவே இல்லையென்றால் பொடிக்கு என்ன வேலை? சில நாள் நிறுத்தலாமா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். உணவை உடல் சூட்டுக்குக் கதகதப்பாக்கி, மீசை இடிக்காத தட்டையான தட்டில், ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் வையுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி அக்கா. பழைய உணவில் பாதியைச் சாப்பிட்டாள். இன்றே மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம். வாயில் புண் இல்லை. பொட்டாசியம் 3.1, குறைவுதான். குமட்டலுக்கு ஊசி போட்டார், பொட்டாசியம் மருந்து எழுதினார், பொடியை நிறுத்தச் சொன்னார். சாப்பிடுவது மறுபடி நின்றுபோனால் ஊசிக்குழலில் அரைத்த உணவை வாயில் ஊட்டலாமா?

பதில் 3

கூடாது என்பேன். பிடித்து அழுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாயில் போகலாம். உங்களைக் கண்டாலே ஓடவும் தொடங்கிவிடுவாள். தொடர்ந்து சில நாள் சாப்பிடாவிட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாயில் போடும் குழாயைப் பற்றிப் பேசுங்கள். பெயரைக் கேட்டு நானும் பயந்தேன். என் பூனை குழாயோடே வெயிலில் படுத்துத் தூங்கியது. உணவு, தண்ணீர், கசப்பு மருந்து எல்லாம் அதிலேயே போனதால் எங்களுக்குள் சண்டை நின்றது. வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள்.

கேட்டவர், நான்கு வாரம் கழித்து

குழாய் தேவைப்படவில்லை. ஊசி போட்ட இரண்டாம் நாள் தட்டை நக்கித் துடைத்தாள், தங்கை அழுதேவிட்டாள். இப்போது எடை 3.3 கிலோ. சிறுநீரக உணவை வேறு மணத்தில் வாங்கி, பழையதில் கால் பங்கு கலக்கிறோம். அதற்கு மேல் போனால் தெரிந்துகொள்கிறாள். பொடியையும் சிறிதளவில் மறுபடி தொடங்கியிருக்கிறோம். பாஸ்பரஸ் 5.4-க்கு வந்திருக்கிறது. 5-க்குக் கீழே வர வேண்டும் என்கிறார் மருத்துவர். அடுத்த பரிசோதனை இன்னும் ஆறு வாரத்தில்.