மெர்மின்–பெரஸ் சதுரம்: பின்னல் எங்கே வருகிறது?

அண்ணாமார், அக்காமார், ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இறுதி வருடம். வரும் வெள்ளி மறை மாறிகள் (குவாண்டம் அளவீட்டின் விடையை முன்கூட்டியே தீர்மானிக்கும், நமக்குத் தெரியாத பெறுமானங்கள்) பற்றி வகுப்பில் பேச வேண்டும்.

எடுத்துக்கொண்டது மெர்மின்–பெரஸ் சதுரம். இரண்டு ஸ்பின் துணிக்கைகள், 3×3 ஆக ஒன்பது பெட்டி; ஒவ்வொரு பெட்டியும் ஓர் அளவீடு, அதன் விடை +1 அல்லது −1. குவாண்டம் விதிப்படி மூன்று நிரைகளின் பெருக்கமும் +1. நிரல்களில் முதல் இரண்டும் +1, மூன்றாவது மட்டும் −1. 512 விதமாக நிரப்பலாம். பைத்தானில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. (ஓட்டவே தேவையில்லை: ஒன்பதையும் நிரைவழி பெருக்கினால் +1, நிரல்வழி −1.) ஒரே பெட்டியை நிரையோடு அளந்தால் ஒரு பெறுமானம், நிரலோடு அளந்தால் இன்னொன்று என்று விட்டால் சரியாகிறது. 1952இல் போம் முன்வைத்த மறை மாறிக் கொள்கை தப்புவதும் இந்தச் சூழல்சார்பால்தான். இதுவரை சரி.

அப்புறம்தான் சிக்கல். இரண்டு ஸ்பின்னும் மேல்நோக்கிய, பின்னலே (இரண்டையும் தனித்தனி நிலைகளாகப் பிரிக்க முடியாத பிணைப்பு) இல்லாத நிலையை எடுத்துத் தாயங்களைக் கையால் பெருக்கினேன். அங்கும் மூன்றாம் நிரல் −1 தான். ஆனால் அதே நிலையில் பெல் சோதனையின் (இரு துணிக்கைகளையும் தனித்தனி இடங்களில் அளந்து, விடைகளின் தொடர்புகளைக் கூட்டிப் பார்ப்பது) கூட்டுத்தொகை 2ஐத் தாண்டவில்லை; ஓரிடத்து அளவீடு மற்ற இடத்தைப் பாதிக்காத மறை மாறிகளுக்கு எல்லை அதுதான். பின்னிய நிலையில்தான் 2√2 வரை போகிறது. சூழல்சார்பு இல்லாத மறை மாறிகள் சாத்தியமில்லை என்ற கோச்சன்–ஸ்பெக்கரின் 1967 நிறுவலையும் வாசித்தேன், அங்கும் நிலை பற்றிய பேச்சே இல்லை. சேரிடம் கேட்டதற்கு, "அளவீட்டைக் கவனி" என்றார், அவ்வளவுதான்.

சதுரத்துக்குத் தேவைப்படாத பின்னல் நிலை, பெல் சோதனைக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது? மட்டக்களப்புப் பக்கம் யாராவது இருந்தால் நேரில் வந்தும் கேட்பேன்.