சின்ன மாமாவுக்கு ஒரு கோடை வயல்

மண்டூர் வீடு (குழு)
சனிக்கிழமை, இரவு 7.10

நான்: (படம்)

நான்: சின்ன மாமா கேட்ட ஓவியம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இரண்டடிக்கு மூன்றடி கன்வஸ், எண்ணெய் வர்ணம். ஆறு பின்னேரம் நம் வயல் வட்டையில், வரம்பில் நின்றே வரைந்தேன். நேற்று அதை மண்டூர் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கல்லடிக்கு வந்துவிட்டேன். வலது கீழ் மூலை இன்னும் முடியவில்லை. மற்றதைப் பார்த்து மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கல்முனைச் சின்னம்மா: எவ்வளவு வடிவு மகள்! வாடிக் கூரையில் கிடுகு பிரிந்து கிடப்பது கூடத் தெரிகிறது

கல்முனைச் சின்னம்மா: ஆனால் இடது பக்கம் ஏன் இப்படிக் காய்ந்து போய்க் கிடக்கிறது? வானமும் நீலமாக இல்லையே

பெரிய மாமா: இடது பக்கம் விதைக்கவில்லை. உள்ளதைத்தான் வரைந்திருக்கிறாள்.

சுவிஸ் சின்ன மாமா: மகள், நல்ல வேலை. கோபிக்கக் கூடாது, ஒன்று கேட்கிறேன். இங்கே குளிர் காலம் முழுக்க வெளியே சாம்பல் நிறம்தான். வேலை முடிந்து கதவைத் திறந்தவுடன் சுவரில் பச்சை கண்ணில் பட வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசை. நான் வெளிக்கிட்டது மார்கழியில். அன்று காலை வாவி கடக்கிற பாதைப் படகில் ஏறப் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் பயிர் முழங்காலளவு நின்றது, வக்கடைகளில் தண்ணீர்ச் சத்தம். எனக்கு நம் வயல் என்றால் அதுதான். அந்த இடது பக்கத்தையாவது பச்சையாக்கித் தர ஏலுமா?

நான்: கோபம் ஒன்றும் இல்லை மாமா. எண்ணெய் வர்ணத்தில் மேலே பூசி மாற்றலாம், அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் இது ஆடி மாதம். இந்த முறை நவகிரிக் குளத்தில் நின்ற தண்ணீருக்கு, போக ஆரம்பக் கூட்டத்தில் நம் வட்டையில் பாதியைத்தான் கோடைச் சிறுபோகத்துக்கு விட்டார்கள். அதனால் வலது பக்கம் முற்றின நெல், இடது பக்கம் போன மாரிப் பெரும்போகத்தில் வெட்டின நெல்லின் அடித்தாள், அதுவும் மாடு மேய்ந்து மிஞ்சினது. இரண்டும் ஒரே வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறதைப் பார்த்துத்தான் நான் அந்த இடத்தில் நின்றேன். இடது பக்கம் பச்சை பூசினால் அங்கே தண்ணீர் நிற்க வேண்டும், தண்ணீர் நின்றால் அதில் வானம் தெரிய வேண்டும், அந்த வானம் மாரி வானமாக இருக்க வேண்டும், மறுகா கச்சான் காற்றையும் நிறுத்த வேண்டும். முழுப் படமும் பொய்யாகிவிடும். மார்கழியில் வந்து உங்களுக்குப் பச்சையாக வேறொன்று வரைந்து தருகிறேன், மனதாரச் சொல்கிறேன்.

நான்: சின்னம்மா, ஆடி மாதம் நாலு மணிக்கு வானம் நீலமாக இருக்காது, வெளியே வந்து பாருங்கள். வெள்ளைக்குள் அல்ட்ராமரீன் நீலம் ஒரு துளி, கீழே அடிவானத்தில் எல்லோ ஓக்கர், அவ்வளவுதான் போட்டேன். கறுப்பு எங்கேயும் தொடவில்லை. மரநிழல் கூட அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாக் கபிலமும் கலந்ததுதான். கறுப்பு வைத்தால் நிழலில் இருக்கிற வெக்கை செத்துவிடும்.

தம்பி: பெத்தா (அம்மம்மா) கதிரையை இழுத்துப் படத்துக்கு முன்னால் போட்டு இருந்து பார்க்கிறா. அவ சொல்வதை அப்படியே எழுதுகிறேன்

தம்பி: "நிழல் வாவிப் பக்கம் விழுந்து கிடக்குது. நெல்லும் அங்கேதான் சாயுது. கச்சான் அடிக்கிற பின்னேரம், நாலு மணி இருக்கும். அந்த நேரத்தில எருமை வெட்டையில நிக்குமா? சேத்துக்குள்ளதானே கிடக்கும்"

நான்: பெத்தா சொல்வது சரி. அந்த இரண்டு எருமையும் காலையில் போனில் எடுத்த படத்தைப் பார்த்து வைத்தது. நான் நின்ற நேரத்தில் அவை அங்கே இல்லை. இடது பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று பயந்து வைத்தேன். எடுத்துவிடுகிறேன்.

தம்பி: "எடுக்கட்டும். சின்னவன் போனது மாரியில. அதுதான் பச்சை கேட்கிறான்" என்கிறா

அம்மா: பிள்ளை, படத்தில் உமியும் தூசியும் ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடட்டுமா? இரவைக்குச் சாமி அறையில் சாய்த்து வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

நான்: அம்மா துடைக்க வேண்டாம்!! தொடவே வேண்டாம்!!

நான்: கத்தினதாக நினைக்காதீர்கள் அம்மா, வர்ணம் இன்னும் ஈரம். தண்ணீர் வற்றிக் காய்கிற மாதிரி இது காயாது. இதில் இருப்பது ஆளிவிதை எண்ணெய், அது காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்து இழுத்துத்தான் இறுகும். மெல்லிய இடம் சில நாளில் தொடும் பதத்துக்கு வரும், தடிப்பான இடத்துக்கு மாதக்கணக்கில் வேண்டும். மேலே வார்னிஷ் பூசவே ஆறு மாதம், ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். சாமி அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் இந்த ஈரத்தில் படிந்தால் எடுக்க முடியாது. அதற்காகத் துணி போட்டு மூடி அலுமாரிக்குள்ளும் வைக்க வேண்டாம், இருட்டில் எண்ணெய் மஞ்சள் பட்டுப்போகும். கூடத்திலேயே, யன்னல் வெயில் நேரே படாத பக்கம் இருக்கட்டும்.

நான்: உமியும் இருக்கட்டும். கச்சானில் ஸ்டாண்ட் இரண்டு தரம் விழுந்தது, பெரிய மாமா உரப் பையில் மண் நிரப்பிக் கட்டித் தந்த பிறகுதான் நிம்மதியாக வரைய முடிந்தது. 1888இல் வான் கோ பிரான்சின் ஆர்ல் பக்கத்து வயல்வெளிகளில் வரைந்தபோதும் இப்படித்தான், அங்கே மிஸ்ட்ரல் என்று ஒரு காற்று, ஸ்டாண்டின் கால்களை நிலத்தில் முளை அடித்துக் கட்டியிருக்கிறார். அவருடைய 1889ஆம் ஆண்டு ஒலிவ் மர ஓவியம் ஒன்றின் வர்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளியின் உடல் ஒட்டியிருந்ததை 2017இல் கன்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் கண்டுபிடித்தார்கள். வெளியில் நின்று வரைந்தால் அந்த இடமும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும்.

அம்மா: சரி சரி, கை வைக்கவில்லை. தம்பி கூடத்திலேயே வைக்கிறான்.

கல்முனைச் சின்னம்மா: அப்படியென்றால் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தால் தூசி படாதே?

நான்: எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி அவ்வளவாகப் போட மாட்டார்கள் சின்னம்மா. காய்வதற்குக் காற்று வேண்டும். அதோடு கண்ணாடி மினுங்கினால் வர்ணத்தின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நான்: தம்பி, கூடத்து லைட்டை அணைத்துவிட்டு, உன் போன் டோர்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், சட்டத்தோடு ஒட்டிப் பிடி. அம்மாவின் போனால் வீடியோ எடு. மரத்திலிருந்து தொடங்கி மெதுவாக வா.

தம்பி: (வீடியோ)

தம்பி: அக்கா இது வேற படம் மாதிரி இருக்கு. நெல் எல்லாம் எழும்பி நிக்குது

நான்: கத்தியால் வைத்த வர்ணம் அது. நேரே எடுத்த போட்டோவில் இது தட்டையாகிவிடும், பிரின்ட் எடுத்தாலும் அப்படித்தான். அதனால்தான் மாமா, போட்டோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்கிறேன்.

இரவு 8.25

சுவிஸ் சின்ன மாமா: வீடியோவை நாலு தரம் பார்த்தேன். பதினோராவது செக்கனில் நிறுத்திப் பாருங்கள். மருத மரத்தில் கீழே வளைந்து வருகிற கொப்பு, அதன் நுனியில் முறிந்து கொழுக்கி மாதிரி நிற்கிறது. அப்பா சோற்றுப் பொதியை எறும்பு ஏறாமல் அதில்தான் தொங்கவிடுவார். போட்டோவில் அது எனக்கு வெறும் இலைத் திட்டாகத் தெரிந்தது. அண்ணா, அது இன்னும் நிற்கிறதா?

பெரிய மாமா: நிற்கிறது. நான் இப்போதும் அதில்தான் தண்ணீர்ப் போத்தலைக் கொழுவுகிறேன்.

சுவிஸ் சின்ன மாமா: மகள், இடது பக்கத்தைத் தொட வேண்டாம். பச்சை பச்சை என்று கேட்டேன், ஆனால் அந்தக் காய்ந்த வெட்டையில்தானே நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பந்தடித்தோம். தாள் காலில் குத்திக் குத்தி, இரவு அம்மா எண்ணெய் தடவுவா. மாரியில் அங்கே கால் வைக்கவே இடம் இருக்காது. எப்படி அதை மறந்தேன் என்று தெரியவில்லை.

தம்பி: பெத்தா சிரிக்கிறா

தம்பி: கண்ணும் துடைக்கிறா

சுவிஸ் சின்ன மாமா: ஆவணியில் கோயில் கொடியேற்றத்துக்கு வருகிறேன். அப்போது கொண்டு போகலாமா? சுருட்டி எடுத்தால் பிளேனில் லேசு.

நான்: இப்போது சுருட்டினால் வர்ணம் ஒட்டிக் கிழிந்துவிடும் மாமா. வந்து ஆசை தீரப் பாருங்கள், அடுத்த வருடம் எடுங்கள். மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் பின்னால் தக்கை வைத்துச் சுவரில் முட்டாமல் மாட்டி வைக்கிறேன்.

சுவிஸ் சின்ன மாமா: சரி. அம்மாவின் கதிரைக்கு நேரே மாட்டு.

பெரிய மாமா: பிள்ளை, அந்தக் கீழ் மூலை முடியவில்லை என்றாயே. நாளைக்கு விடிய மெசின் வருகிறது. நெல்லை வெட்டப் போகிறோம்.

நான்: ஐயோ மாமா! அடுத்த கிழமை என்று நினைத்தேனே. அந்த மூலையில் வரம்போரக் கதிர்கள்தான் வர வேண்டும், நினைவில் வைத்து வரைந்தால் பெத்தா கண்டுபிடித்துவிடுவா. காலையில் முதல் பஸ்ஸில் குருமண்வெளிக்கு வந்து பாதையைப் பிடிக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது நாலு மணி வெளிச்சம்.

பெரிய மாமா: மெசின்காரனிடம் கதைக்கிறேன். மரத்தடிப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். நீ நின்ற வரம்போடு ஒரு துண்டை விட்டு வைக்கிறேன், அதைக் கையால் வெட்டலாம். நீ வா.

அம்மா: தொப்பியை மறக்காதே. சோறு கட்டி வைக்கிறேன்.