நுங்கம்பாக்கம், ஜூன் 24: அன்று நாம் என்ன பேசினோம்?

மின்ரயில் பயணி:

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. அப்போது நான் தினமும் சேத்துப்பட்டில் ரயிலேறி பரனூர் வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று கிளம்பத் தாமதம். வாசலில் செருப்பு மாட்டும்போதே வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷன்தான், நுங்கம்பாக்கம். ஐடி கம்பெனியில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். ரயிலுக்குக் காத்திருந்தவரை ஒருவன் அரிவாளால் வெட்டிவிட்டு ஓடியிருந்தான். அப்போது காலை ஏழுகூட ஆகவில்லை.

அந்தப் படத்தை நான் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அவர்களும் அதே தடத்தில் போகிறவர்கள், எச்சரிக்கைக்காக அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எச்சரிக்க ஒரு வரி போதும். படம் எதற்கு? சுமார் இரண்டு மணி நேரம் உடல் நடைமேடையிலேயே கிடந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்து, இறந்தவருக்கும் கண்ணியம் இல்லையா என்று கேட்டது. அந்தக் கேள்வி போலீசுக்கும் ரயில்வேக்கும் மட்டும் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆபீஸில் பதினோரு மணி டீக்கு முன்பே, ‘லவ் மேட்டரா இருக்கும்’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் யாரோடு பேசுவார், என்ன மாதிரிப் பெண் என்று விசாரணை ஆரம்பித்துவிட்டது. கொன்றவனைப் பற்றி ஒன்றும் தெரியாததால், செத்தவரைப் பிரித்துப் பார்த்தோம். நானும் அந்த மேஜையில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அப்பா அடுத்த ஒரு மாதம் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் கண்ணுக்கு மறையும்வரை நிற்பார். வேலையை விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூடுவாஞ்சேரியில் ஏறும் தோழி ஒருத்தியை அவள் வீட்டில் நிறுத்தியே விட்டார்கள். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். கொல்லப்பட்டவர், கைதானவர் இருவருடைய பெயரும் வேண்டாம். இரண்டு குடும்பங்களும் பட்டது போதும்.

சூளைமேட்டில் இருந்தவன்:

நான் அப்போது சூளைமேட்டில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். எட்டுக்கு எட்டு அறை, மூன்று பேர். கொலை நடந்த ஸ்டேஷனில் கேமராவே இல்லை. பக்கத்துத் தெருக் கேமராக்களில் இருந்து, முதுகில் பையோடு ஒருவன் வேகமாக நடந்துபோகும் காட்சியை எடுத்து டிவியில் ஓயாமல் காட்டினார்கள். போலீஸ் வீடு வீடாக வந்து படத்தைக் காட்டி விசாரித்தது.

அந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முதுகுப்பை மாட்டிய ஒல்லிப் பையன்கள் எல்லோரும் அந்தப் படத்தில் இருப்பவன்போலவே தெரிந்தார்கள். எங்கள் அறைக்காரன் ஒருவன் உண்மையிலேயே அந்தச் சாயல். மெஸ்ஸில் அவன் இலையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் அவன் பையை விட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போக ஆரம்பித்தான். நான் அவனோடு இரண்டு வருஷமாக ஒரே அறையில் படுத்தவன். வெள்ளிக்கிழமை காலை அவன் எங்கே இருந்தான் என்று ஒரு ராத்திரி நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலை 1 ராத்திரி செங்கோட்டைப் பக்கம் மீனாட்சிபுரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள், இன்ஜினீயரிங் படித்தவன், சூளைமேட்டு மேன்ஷனில்தான் தங்கியிருந்தான் என்று செய்தி வந்தது. அப்புறம் எங்கள் உரிமையாளர் எல்லோரிடமும் ஆதார் நகல், ஊர் விலாசம், அப்பா போன் நம்பர் வாங்கினார். அது நியாயம்தான். ஆனால் ‘தெக்கத்திப் பசங்களுக்கு இனிமேல் ரூம் இல்லை’ என்றும் சொன்னார். நான் சங்கரன்கோவில்காரன்.

பெயர் கேட்டவர்கள்:

என் அனுபவம் கைதுக்கு முந்தைய நாட்களில் நடந்தது. கொன்றவன் ஒரு முஸ்லிம் என்று ஒரு செய்தி கிளம்பியது. ஒரு பெயரையும் சேர்த்துப் பரப்பினார்கள். ஊரறிந்த ஆட்களும் அதைப் பகிர்ந்தார்கள். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பத்து வருஷமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் பில்லை வாங்கிக்கொண்டே, ‘உங்க ஆளுங்கதானாமே பாய்’ என்றார். குரலில் கோபம் இல்லை, ஏதோ மழை வரும்போல் இருக்கிறதே என்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. அன்று ராத்திரி மகளை எங்கேயும் தனியாக அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். எல்லா அப்பன்களுக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது, அதோடு இன்னொரு பயமும்.

கைதானவர் வேறு ஆள் என்று தெரிந்த பிறகு அந்தச் செய்திகள் சத்தமில்லாமல் போய்விட்டன. ஆனால் அந்த வாடிக்கையாளர் ஒரு வாரம் கழித்து வந்தார். ‘நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னிடம் அப்படி வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான், இங்கே பதிவாகட்டும்.

நியூஸ் டெஸ்க்:

அந்த வாரம் நான் ஒரு தொலைக்காட்சியில் கீழே ஓடும் எழுத்துகளை அடிக்கும் வேலையில் இருந்தேன். பேரைச் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாத எதையும் போட ஒரு வழி இருக்கிறது: கேள்விக்குறி. ‘காதல் விவகாரமா?’ ‘கொலையாளி தெரிந்தவரா?’ இப்படி எழுதினால் கேள்வி மட்டும்தான் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்க்கிறவர் மனதில் அந்தக் குறி நிற்பதில்லை. ஒரே ஷிப்டில் அப்படிப் பதினான்கு அடித்தேன். எண்ணினேன், அதனால் நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா எங்காவது உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று பதினைந்தாவதில் கை நின்றது. பக்கத்தில் இருந்தவர் அதை அடித்தார்.

செங்கோட்டை:

எங்க ஊர்ப் பேரைச் சொன்னால் யாரும் முதலில் பார்டர் பரோட்டாவைத்தான் கேட்பார்கள். இல்லையென்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பார்கள். 2016 ஜூலைக்கு அப்புறம் கொஞ்ச காலம், ‘ஓ, அந்தப் பையன் ஊரா?’ என்றார்கள்.

மீனாட்சிபுரம் சின்ன ஊர். கைதுக்கு மறுநாள் டிவி வண்டிகள் வரிசையாக நின்றன. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பிடிக்கப் போனபோது அவரே கழுத்தை அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். போலீஸ்தான் அறுத்தது என்றது குடும்பம். டீக்கடையில் ஒரு பெஞ்ச் முதல் கதையை நம்பியது, அடுத்த பெஞ்ச் இரண்டாவதை. ஆச்சரியம் என்னவென்றால், யார் எந்தக் கதையை நம்புவார்கள் என்பதை அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். இறந்த பெண் என்ன சாதி, பிடிபட்டவர் என்ன சாதி என்பது தெரிந்த அன்றே பாதிப் பேருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா போன் போட்டு, ‘அவனை எல்லாம் என்கவுண்டர்ல போடணும்டா’ என்றார். சரி, கோபம் புரிகிறது, அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ‘சித்தப்பா, அவர்தான் செய்தார்னு கோர்ட் சொல்லட்டுமே’ என்றேன். ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்டு வைத்துவிட்டார். ஒரு வருஷம் பேச்சில்லை.

செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, கைதானவர் புழல் சிறையில் இறந்துவிட்டார். மின்கம்பியைக் கடித்தார் என்று சிறைத் தரப்பில் சொன்னார்கள். குடும்பம் ஏற்கவில்லை. பிரேதப் பரிசோதனையே நீதிமன்றம்வரை போய், எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து அக்டோபர் 1-ல்தான் நடந்தது. அப்புறம் உடல் ஊருக்கு வந்தது. அன்று நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை.

மின்ரயில் பயணி:

எல்லாவற்றையும் படித்தேன். செங்கோட்டைக்காரர் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. சாட்சிக் கூண்டில் யாரும் ஏறவில்லை, குறுக்கு விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு, இன்னார்தான் செய்தார் என்று ஒரு நீதிபதி வாசித்துக் கேட்கும் நாளே வராமல் போனது. அந்தப் பையனைப் பெற்றவர்களுக்கும், செய்தாரா இல்லையா என்று கேட்கும் நாள் வரவில்லை. நாங்கள் டீ மேஜையில் சொன்னது மட்டும் மிச்சம்.

நேற்று, அன்று படம் அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்தியைக் கூப்பிட்டேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை, தப்பு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘நான் அதை எங்க குடும்ப குரூப்ல போட்டேன்டி’ என்றாள்.