ஆறாத ஆசனவாய் வெடிப்புக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

தாமிரபரணி:
ஒரு வருடமாக ஆசனவாய் வெடிப்பு. இசப்கோல், வெந்நீரில் உட்காருவது, தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு எல்லாம் பார்த்தாச்சு. சர்ஜன் ஆசனவாயை இறுக்கி மூடும் உள் சுருக்குத்தசையைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்கிறார். மலத்தை அடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, ஸ்டெம் செல் பிரித்து, வெடிப்பைச் சுற்றி ஊசி போட்டால் ஆறிவிடும், ஒன்றரை லட்சம் என்கிறார்கள். ஐரோப்பாவில் அனுமதித்ததாம்.

கசப்புமருந்து:
வேண்டாம் சார். ஐரோப்பாவில் 2018-இல் அனுமதித்தது அலோஃபிசெல் என்ற ஸ்டெம் செல் ஊசி. அது க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாளிகளுக்கு வரும் பௌத்திரத்துக்கு (ஆசனவாய் அருகே துளைத்துக்கொண்டு வரும் புரை); வெடிப்புக்கு இல்லை. அதிலும் வேறொருவர் தானம் தந்த கொழுப்புச் செல்கள். அடுத்து நடந்த பெரிய சோதனையில் வெற்று ஊசியைவிட மேலென்று காட்ட முடியவில்லை. 2024 கடைசியில் அதை விற்ற டகேடா கம்பெனியே அதை அங்கே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இதைச் சொன்னார்களா?

வெளிக்குப் போய் வந்தபின் ஒரு மணி நேரம் குத்திக் குடைகிறதா? அது தசை இறுக்கம். ஆசனவாயின் பின்புறத்தில் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு, இறுக்கத்தில் இன்னும் குறைகிறது, புண் ஆற மாட்டேன் என்கிறது. தசையை வெட்டித் தளர்த்தினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறுகிறது. காற்றை அடக்க முடியாத தொல்லை சிலருக்கு வரும், மறைக்கவில்லை.

நிலாச்சோறு:
எல்லா வெடிப்பும் இறுக்கத்தால் வருவதில்லை சார். பிரசவத்துக்குப் பின் வருவதில் பலருக்குத் தசை அழுத்தம் கூடுவதே இல்லை. எனக்கு இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் இருமினாலே காற்று பிரிந்துவிடுகிறது. இதில் இன்னும் வெட்டச் சொல்வீர்களா? கொழுப்பை எடுத்து ஊசியாகப் போட்டதில், எதற்கும் ஆறாத வெடிப்புகள் ஆறியதாகச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன.

கசப்புமருந்து:
உங்களுக்கு வெட்டக் கூடாதுதான். அதற்குப் பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடும் மடல் அறுவை இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஆய்வுகளில் ஒப்பிட எதிர்க்குழுவே கிடையாது. மருந்தில்லாத களிம்பு தடவியவர்களிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது மேடம்.

நிலாச்சோறு:
சோதிக்காமல் ஆதாரம் எங்கிருந்து வரும்?

கசப்புமருந்து:
சோதிக்கட்டும். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டா? ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போல அங்கீகரித்த சிலவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல் ஆய்வாக மட்டுமே போடலாம், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணை அந்தக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஓரத்துஇட்லி:
தாமிரபரணி அண்ணே, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றிக் கேட்டீங்களா? தசை தளர்வது இரண்டு மூன்று மாதம்தான், அதற்குள் புண் ஆறினாலும் ஆறும். திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு. ஆனால் வெட்டியதுபோல நிரந்தரம் இல்லை என்பதால் உங்கள் பயத்துக்கு அது தோது.

தாமிரபரணி:
கிளினிக்குக்கு போன் போட்டேன். பதிவு எண் என்றதும் "டாக்டர் பிசி, நேரில் வாங்க" என்று வைத்துவிட்டார்கள். போட்டாக்ஸ் பற்றி சர்ஜனிடம் கேட்கிறேன்.

நிலாச்சோறு:
ஒரு கிளினிக் மழுப்பியதால் சிகிச்சையே பொய் என்று ஆகாது. காசு வாங்காத, பதிவான ஆய்வு வந்தால் நான் பேர் கொடுப்பேன். அதுவரை, மடல் அறுவை செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எத்தனை நாளில் உட்கார முடிந்தது?