வான் ரீனன் ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறது, கூலன்ட் குறைகிறது: உதவி வேண்டும்

கேள்வி (பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு பேர் அமரும் டர்போ பெட்ரோல் எஸ்யூவி. நான்கு மாதங்களுக்கு முன் பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். டர்பனுக்குள் ஓட்டும்வரை எந்தக் குறையும் தெரியவில்லை. போன வாரம் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேசியாவுக்குப் புறப்பட்டோம். என்3 சாலையில் வான் ரீனன் கணவாயை நெருங்கும்போது குளிர் அதிகமாக இருந்ததால் ஹீட்டரைப் போட்டேன். குளிர்ந்த காற்றுதான் வந்தது. பாதி ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சட்டென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. ஓரம்கட்டி, வெகுநேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஹாரிஸ்மித் வரை மெதுவாக ஓட்டிச் சேர்ந்தோம்.

இப்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியை நிரப்பி வைத்தாலும் சில நாள்களில் குறைந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. விற்பனையாளரிடம் சொன்னால், "ஃபூட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடியே) என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை" என்கிறார். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா? மாதக் கடைசியில் ஒரு திருமணத்துக்கு மறுபடியும் இதே வழியில் போக வேண்டும். இந்த வண்டியை நம்பிப் போகலாமா?

பதில் (லேடிஸ்மித்)

போக வேண்டாம், தம்பி. எங்கள் ஊரைத் தாண்டினால் அந்த ஏற்றம்தான். சரக்கு லாரிகளுக்கு நடுவே, குழந்தைகளோடு, வண்டி நின்றுவிட்டால் ஒதுங்கவும் இடம் கிடைக்காது. முதலில் பட்டறையில் காட்டுங்கள்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பட்டறை நடத்துபவர்)

ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதியது என்று எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான தடயம் அதுதான். ஹீட்டருக்கு வெப்பம் தருவது எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட். அது குறைந்து உள்ளே காற்று புகுந்துவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் குளிரும். ஆகவே முள் ஏறுவதற்கு முன்பே உங்கள் வண்டியில் கூலன்ட் வற்றியிருக்கிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் வெப்பம் ஓரளவு கூடினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். உணரி இருக்கும் இடத்தில் கூலன்டே இல்லாமல் போனால், அது தவறாகக் குறைந்த வெப்பத்தைக் காட்டவும் கூடும். முள்ளை மட்டும் நம்பாதீர்கள்.

டர்பனில் தெரியாத குறை மலையில் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குளிர்விக்கும் அமைப்பு பிரஷர் குக்கரைப் போல மூடிய அழுத்தத்தில் இயங்குகிறது. சுமார் ஒரு பார் அழுத்தத்தை மூடி பிடித்து வைத்தால் கொதிநிலை 20 டிகிரி அளவுக்கு உயரும். மூடியின் ரப்பர் தளர்ந்தாலோ எங்கேனும் மயிரிழை விரிசல் விட்டாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதன் மேல் ஏழு பேர், பெட்டிகள், நீண்ட ஏற்றம்.

அடியில் ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சூடான எஞ்சின்மீது கசிந்தால் ஆவியாகிவிடும். குழாய் இணைப்புகளிலும், தெர்மோஸ்டாட்டின் (வெப்பத்துக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பிளாஸ்டிக் கூட்டிலும், வாட்டர் பம்பின் அடியிலும் உப்புப் பூத்தாற்போல் வெண்மையான அல்லது இளஞ்சிவப்பான படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பட்டறையில் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, அமைப்புக்குள் காற்றழுத்தம் ஏற்றி எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது. மூடியையும் அதே கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, கூலன்டில் எஞ்சின் புகை கலந்திருந்தால் நிறம் மாறும் திரவச் சோதனை. ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி அதன் பிறகு பேசலாம். சோதிக்காமல் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பதில் (லோடியம்)

அண்ணா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடாகவே ஆகாது. என் பழைய பக்கியில் (பிக்கப் வண்டி) அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பட்டறை நடத்துபவர்)

தயவுசெய்து செய்ய வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டாது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எச்சரிக்கை விளக்கு எரியும். கசிவோ அப்படியே இருக்கும். இந்தக் கால அலுமினிய ஹெட் ஒருமுறை கடுமையாகச் சூடானாலே வளைந்துவிடும்.

பதில் (டோங்காட்)

தம்பி, விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (68ஆம் எண்) இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவின்படி, வாகனம் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்குத்தான். கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் பொதுவாக ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதி இதிலிருந்து தப்ப முடியாது. இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அது வேறு. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தாலும் இந்தச் சட்டம் உதவாது.

நான்கு மாதம் கடந்துவிட்டது. இன்றே எழுத்து மூலம் புகார் கொடுங்கள், தொலைபேசிப் பேச்சு போதாது. அவர் மறுத்தால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில்துறை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். அங்கே முதலில் கேட்பதும் விற்பனையாளருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான். அவரிடம் சொல்லாமல் எஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்ததால்தான் கெட்டது என்று சாதிப்பார்.

பதில் (லெனேசியா)

வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டிகளை வரவழைப்பது) ஏதும் உண்டா என்று தயாரிப்பாளரின் கிளையில் விசாரியுங்கள். கூலன்ட் பிரச்சினையை இந்த நாட்டில் யாரும் சிறிதாக நினைக்கக் கூடாது. 2017 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம் 1.6 லிட்டர் குகா வண்டிகள் 4,556ஐத் திரும்ப அழைத்தது. கூலன்ட் சரியாகச் சுழலாமல் எஞ்சின் சூடாகி, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து, அது சூடான பாகத்தில் பட்டுத் தீப்பிடித்தது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் சூட்டிலிருந்து தீ வரை போகும் பாதை அதேதான்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். எல்லாரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். முக்கோணப் பலகையைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள். பானட்டிலிருந்து கரும்புகை வந்தால் அதைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டால் தீ பெருகும். விலகி நின்று கைபேசியில் 112ஐ அழையுங்கள்.

கேட்டவர் (பீனிக்ஸ்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. சோதனை முடிந்தது. கூலன்டில் புகை இல்லை. அழுத்தம் ஏற்றியதும் தெர்மோஸ்டாட் கூட்டின் பொருத்துக்கோட்டில் கசிவு தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் இளஞ்சிவப்புப் படிவும் இருந்தது. மூடியும் அழுத்தம் பிடிக்கவில்லை. படங்களையும் பட்டறையின் அறிக்கையையும் இணைத்து விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டையும் தன் செலவில் மாற்றித் தருவதாக எழுதியிருக்கிறார். திருமணத்துக்கு மைத்துனர் வண்டியில் போகிறோம். ஐயா, மாற்றிய பிறகு நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பட்டறை நடத்துபவர்)

நல்ல செய்தி. உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றினார்களா என்று கேளுங்கள், பலர் அதில்தான் அவசரப்படுவார்கள். கையேட்டில் குறித்த வகைக் கூலன்டையே ஊற்றச் சொல்லுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வழியில் ஊற்றிய வெறும் தண்ணீர் உள்ளே இருப்பதால் பழையதை வடித்துவிட்டு நிரப்புவது நல்லது. பிறகு சில வாரங்கள், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தொட்டியின் கோட்டைப் பாருங்கள். முதல் ஓரிரு நாளில் சிறிது இறங்கலாம். அதற்கு மேலும் இறங்கினால் புகைச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை நன்றாகச் சூடான ஹெட் அப்போதே காட்டாமல் பின்னால் காட்டுவது உண்டு. விற்பனையாளருக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் அதையும் குறிப்பிட்டு வையுங்கள், ஆறு மாதக் கெடு முடிவதற்குள்.