புதுப்பிப்பு: வன்னி வளவுக்கு எந்த ஆப் சரிவந்தது

இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் எங்கள் வீட்டு வளவில் தானாக முளைக்கும் செடிகொடிகளை அடையாளம் காணவும் தோட்டத்தைத் திட்டமிடவும் எந்த ஆப் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அடையாளம் காண பிளான்ட்நெட் என்ற ஆப்பையே வைத்துக்கொண்டேன். இலவசம், பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் நடத்துவது. ஒரே செடியின் இலை, பூ, காய், பட்டை என்று பல படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் விடை நன்றாகத் தெளிகிறது, இலையை மட்டும் எடுத்தால் நாலைந்து பெயர்களை அடுக்கிவிடும். வேலியில் படர்ந்த கொடிக்கு முதலில் அப்படித்தான் ஆனது. இலைக்கக்கத்தில் கொத்தாக இருந்த சின்ன மஞ்சள் பூவைக் கிட்டப் பிடித்துப் போட்டதும் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே என்றது. அம்மம்மா பார்த்து, "சிறுகுறிஞ்சா தானே பிள்ளை" என்று ஒரு இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டார், இனிப்புத் தெரியவில்லை, சிறுகுறிஞ்சா இலையின் குணமே அதுதான். ஆனால் ஆப் சொன்னதை மட்டும் நம்பி எதையும் வாயில் வைக்க வேண்டாம், தெரிந்த ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கவரேஜ் இல்லாத காட்டுக்கரையில் அடையாளம் காண சீக் என்ற ஆப். நெட் இல்லாமலே வேலை செய்யும், ஆனால் பல நேரம் பேரினத்தோடு நின்றுவிடும், எந்த இனம் என்று சரியாகச் சொல்லாது.

திட்டமிடும் ஆப்களை அழித்துவிட்டேன். உறைபனி முடியும் நாளைக் கேட்டுத்தான் நாட்காட்டியே போடுகின்றன, நமக்கோ ஐப்பசி மழைதான் கணக்கு. கத்தரி, மிளகாய் நாற்றுமேடைத் திகதிகளை இப்போது கொப்பியில் எழுதுகிறேன், அப்புறம் போன் நாட்காட்டியில் நினைவூட்டல் வைக்கிறேன்.